பல் மருத்துவமும் உணர்வகற்றும் மருந்துகளும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இராமச்சந்திராபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் ஆண்டுக்கொருமுறை ஒன்றுகூடும் இம்மேடையில் இலக்கியம் பேசவல்லாரும் இசை பேசவல்லாரும் பலர் உளர். இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எம்மை அழைத்து, "வீட்டிற்குப் பயன்படும் பொருளொன்றைப் பேசுக" எனக் குழுவினர் பணித்தனர். யாம் எடுத்துக்கொண்ட பொருள், பல் மருத்துவர் இடும் ஊசியும் அதனுள் இருக்கும் மருந்தும் ஆகும். யாம் மருத்துவம் பயின்றோம் அல்லோம். நூல்களில் படித்தறிந்தவற்றையும், மருத்துவர்களை வினவித் தெளிந்தவற்றையும் தொகுத்துக் கூறுவதே எம்மால் இயல்வது. மருந்தைத் தெரிவு செய்வதும் அளவிடுவதும் மருத்துவர் கடன் என்பதை முதற்கண் சொல்லிவிடுகிறோம்.

நம் குடியிருப்பில் ஒருவர்க்குப் பல்வலி வந்துவிட்டால் நிகழ்வது யாது? முதலில் கிராம்பு, அடுத்து உப்பிட்ட வெந்நீர், அதன்பின் மருந்துக்கடை மாத்திரை. பல் மருத்துவரை நாடுவது கடைசியில்தான். காரணம் கேட்டால் சிலர் செலவு என்பர். பெரும்பாலோர் சற்றே நாணி, "ஊசிக்குத்தான் பயம்" என்பர். கிராம்பை யாம் பழிக்கவில்லை. அதிலுள்ள யூஜினால் என்னும் எண்ணெய்ப் பொருள் வலியைச் சிறிது மழுக்கும். பல் மருத்துவரும் அதனைப் பயன்படுத்துவர். ஆயினும் வலி மழுங்குமே அன்றிச் சொத்தை நில்லாது.

நமக்கெல்லாம் வேண்டிய பெரியவர் ஒருவர் கடைவாய்ப் பல்லிற் கட்டிய சீழைப் பல திங்கள் மாத்திரையால் அடக்கி வைத்திருந்தார். ஒரு நாள் விடியற்காலையில் தாடையும் நாவின் அடியும் கழுத்தும் ஒருசேர வீங்கி, எச்சிலையும் விழுங்க இயலாமல், மூச்சுத் திணறும் நிலையில் அவரை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றனர். கீழ்த்தாடைப் பல்லின் சீழ் கழுத்திற்குப் பரவினால் மூச்சுவழியை நெருக்கி உயிரையே கொள்ளும் என்பதை அன்றுதான் பலர் அறிந்தோம். நல்வினையால் அவர் பிழைத்தார். ஓர் ஊசிக்கு அஞ்சிய தமக்கு அந்த ஒரு வாரத்தில் எத்தனை ஊசிகள் விழுந்தன என்று அவரே இப்போது எண்ணிச் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்க அவர் இருக்கிறார் என்பதே நமக்கு ஆறுதல்.

அச்சத்தை வளர்ப்பதில் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. இங்குள்ள தெலுங்கு மருத்துவர் "மத்து இஞ்செக்ஷன்" என்பார். மோர் கடையும் மத்து நினைவிற்கு வந்து நம் பாட்டிமார் திகைப்பர்! தெலுங்கில் மத்து என்பது மயக்கத்தைக் குறிக்கும். பல்லருகே மரத்துப்போகச் செய்யும் ஊசியையும் அச்சொல்லாலேயே பலர் வழங்குகின்றனர். இதனால் நம்மவர் தம்மை நினைவிழக்கச் செய்யப்போகிறார்கள் என்று அஞ்சுகின்றனர். இவை இரண்டும் வெவ்வேறானவை. ஓரிடத்தை மட்டும் மரக்கச் செய்து, நினைவை அப்படியே விட்டுவைப்பது ஒரு வகை; மூளையை அமைதிப்படுத்தியோ உறங்கச் செய்தோ அச்சத்தைப் போக்குவது மற்றொரு வகை. சாதாரணமாகப் பல் பிடுங்க முன்னதே போதும்.

இம்மருந்துகளின் வரலாற்றில் பல் மருத்துவர்க்கு முதலிடம் உண்டு. அமெரிக்க நாட்டில் ஹார்ட்போர்டு நகரில் ஹோரேஸ் வெல்ஸ் என்னும் பல் மருத்துவர் இருந்தார். 1844 டிசம்பர் 10ஆம் நாள் அங்கு நடந்த சிரிப்பூட்டும் வாயுக் காட்சியைக் காணச் சென்றார். அவ்வாயுவை முகர்ந்த ஒருவர் காலில் அடிபட்டும் வலியை உணராதிருக்கக் கண்டார். மறுநாளே தாம் அவ்வாயுவை முகர்ந்து தம் பல்லொன்றையே பிடுங்குவித்துக்கொண்டார். பின்னர் 1845இல் பாஸ்டனில் அவர் நடத்திக் காட்டிய சோதனை முழுப்பயன் தராது போகவே, கூடியிருந்தோர் எள்ளி நகைத்தனர். அவர் 1848இல் மனமுடைந்து மாண்டார். அவருடன் முன்னர்த் தொழில் செய்த மார்ட்டன் என்னும் பல் மருத்துவரோ, 1846 அக்டோபர் 16ஆம் நாள் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஈதரைக் கொடுத்து, வலியற்ற அறுவையை உலகறியச் செய்தார். அடுத்த ஆண்டில் எடின்பரோ நகரத்துச் சிம்சன் குளோரோபாமைக் கொணர்ந்தார்.

குளோரோபாம் இனிய மணமுடையது; விரைந்து செயற்படுவது. ஆயினும் 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் கால்நகத்தை அகற்ற வந்த ஹன்னா கிரீனர் என்னும் பதினைந்து வயதுச் சிறுமி, அம்மருந்தை முகர்ந்த சிறிது நேரத்திலேயே உயிரிழந்தாள். பின்னரும் சாவுகள் தொடர்ந்தன. பல் பிடுங்கும் நாற்காலியிலும் நலமாக வந்து அமர்ந்தவர் பலர் மாண்டனர். மருத்துவர் இரு கட்சியாயினர். இதயம் நின்றே சாவு வருகிறது, நாடியைக் கவனிக்க வேண்டும் என்றனர் ஒரு சாரார். மூச்சு நின்ற பின்னரே இதயம் நிற்கும், மூச்சைக் கவனித்தால் போதும் என்றனர் மற்றொரு சாரார்.

இவ்வழக்கு தீர்ப்பிற்கு வந்த ஊர் எது தெரியுமா? நம் ஐதராபாத்து! சிக்கந்தராபாத்தில் 1897இல் ரொனால்டு ராஸ் மலேரியாவின் வழியைக் கண்டறிந்ததை நம் குழந்தைகள் பள்ளியில் படிக்கின்றனர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் இங்கே நடந்த இச்செய்தியை அறிந்தார் சிலரே.

எட்வர்டு லாரி என்னும் அறுவை மருத்துவர் இங்கு ரெசிடென்சி மருத்துவராகவும், ஐதராபாத்து மருத்துவப் பள்ளியின் தலைவராகவும் இருந்தார். எடின்பரோவில் பயின்ற அவர் மூச்சுக் கட்சியினர். 1888இல் முதலாவது ஐதராபாத்துக் குளோரோபாம் ஆணைக்குழுவை அமைத்து, விலங்குகளில் சோதித்து, மூச்சே முதலில் நிற்கிறது என்று அறிவித்தார். லண்டனிலிருந்து வெளிவரும் லான்செட் என்னும் மருத்துவ இதழ் அதை ஏற்கத் தயங்கியது. ஆறாம் நிஜாம் மீர் மகபூப் அலி கான் 1000 பவுன் பொருளுதவி செய்ய, அவ்விதழின் சார்பில் லாடர் பிரண்டன் என்னும் புகழ்பெற்ற மருந்தியலறிஞர் 1889இல் கடல் கடந்து ஐதராபாத்து வந்தார். இரண்டாம் ஆணைக்குழு நாய், குரங்கு முதலிய 400க்கு மேற்பட்ட விலங்குகளில் சோதனை செய்தது. லாரியின் கொள்கைக்கு மாறான எண்ணத்துடன் வந்த பிரண்டன், சோதனைகளைக் கண்டு அவர் பக்கமே சாய்ந்தார்.

இப்பள்ளியில் 1885 முதல் 1889 வரை பயின்ற ரூபா பாய் பர்தூன்ஜி என்னும் பார்சிப் பெண்மணியை இங்கு நினைவு கூர்தல் நம் கடமை. பெண்கள் படிதாண்டுதலே அரிதாயிருந்த அக்காலத்தில் அவர் மருத்துவம் கற்று, இந்நகர மருத்துவமனைகளில் நோயாளிகட்குக் குளோரோபாம் கொடுத்து அறுவைக்குத் துணைநின்றார். 1909இல் மேற்கல்வி நாடி எடின்பரோ சென்றார். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் என இன்று அவரைப் போற்றுகின்றனர். நம் வீட்டுப் பெண்மக்கள் அறிய வேண்டிய பெயர் இது.

இனி, ஆணைக்குழுவின் முடிவு சரியானதா எனின், பாதி சரி என்றே சொல்ல வேண்டும். 1911இல் லண்டனில் குட்மன் லெவி என்பவர் பூனைகளில் செய்த சோதனை உண்மையை வெளிப்படுத்திற்று. குளோரோபாமைக் குறைவாக, அரைகுறை மயக்கம் வரும் அளவில் கொடுத்திருக்கும்போது அட்ரினலின் இரத்தத்தில் கலந்தால், இதயம் ஒழுங்குகெட்டுத் துடிதுடித்து நின்றுவிடுகிறது. அட்ரினலின் என்பது அச்சம் வரும்போது நம் உடலே சுரக்கும் பொருள். ஐதராபாத்தில் விலங்குகளுக்குப் பெரிதும் ஆழ்ந்த மயக்கம் கொடுத்துச் சோதித்தமையால் இவ்வாபத்துக் கண்ணிற்படவில்லை. அச்சத்தால் நடுங்கி அமர்ந்தவர்க்குச் சிறிதளவு குளோரோபாம் கொடுத்துப் பல்லைப் பிடுங்கியபோது மாண்டவர்கள் ஏன் மாண்டனர் என்பது அப்போதுதான் விளங்கிற்று. குளோரோபாம் பின்னர் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. நோயாளியின் மூச்சை இமைகொட்டாது கவனிக்க வேண்டும் என்ற லாரியின் கட்டளை மட்டும் இன்றும் செல்லுபடியாகிறது.

நினைவை அகற்றாமல் வலியை மட்டும் அகற்றும் வழி 1884இல் பிறந்தது. வியன்னா நகரத்துக் கார்ல் கொல்லர், கோக்கா இலையிலிருந்து எடுத்த கொக்கெயினைக் கண்ணில் இட்டால் கண் மரத்துப்போவதைக் கண்டறிந்தார். அவ்வாண்டு முடிவதற்குள் நியூயார்க்கில் ஹால்ஸ்டெடும் ஹாலும் அதைத் தாடை நரம்பினருகே ஊசியாக இட்டுப் பல்வலியைத் தடுத்துக் காட்டினர். ஆனால் தம்மீதே சோதித்துப் பார்த்த ஹால்ஸ்டெடு அம்மருந்திற்கு அடிமையாகி அல்லலுற்றார். நம் நாட்டிலும் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா முதலிய நகரங்களில் வெற்றிலையோடு கொக்கெயினை மெல்லும் தீய பழக்கம் பரவி, அரசினர் தடைச் சட்டங்கள் இயற்ற நேர்ந்தது.

ஆகவே அடிமைப்படுத்தாத மருந்தை அறிஞர் தேடினர். ஜெர்மானிய வேதியியலறிஞர் ஐன்ஹார்ன் ஆக்கிய நோவகெயின் 1905இல் மருத்துவத்திற்கு வந்தது. பின் 1943இல் சுவீடன் நாட்டு லோப்கிரென் லிக்னோகெயினை உருவாக்கினார். அவருடைய இளந்தோழர் லுண்ட்குவிஸ்டு அதைத் தம் உடம்பிலேயே செலுத்திச் சோதித்தார். 1948இல் சைலோகெயின் என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தது. இன்று நம் பல் மருத்துவர் கையிலிருக்கும் மருந்து பெரும்பாலும் இதுவே.

இது வேலை செய்யும் விதத்தை எம் தொழிலை வைத்தே விளக்குவோம். பல்லிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பை ஓர் இருப்புப்பாதை எனக் கொள்க. வலி என்னும் செய்தி அதில் ஓடும் வண்டி. நரம்பின் சவ்வில் சோடியம் நுழைவதற்கென நுண்ணிய வாயில்கள் உள. அவை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தால்தான் வண்டி முன்னேறும். லிக்னோகெயின் சவ்வைக் கடந்து உள்ளே சென்று, உட்புறமிருந்து அவ்வாயில்களை அடைத்துவிடுகிறது. வண்டி வழியிலேயே நின்றுபோக, தலைமை நிலையமாகிய மூளைக்குச் செய்தி எட்டுவதில்லை. மருந்து இரத்தத்தில் கலந்து அகன்றதும் வாயில்கள் மீண்டும் திறக்கும். நரம்பிற்குக் கேடொன்றும் இல்லை.

மேல்தாடை எலும்பு மெல்லியது, நுண்துளைகள் உடையது. ஆதலால் பல்லருகே ஈற்றில் இட்ட மருந்து ஊறிச் சென்றுவிடும். கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல் அமைந்த எலும்போ தடித்தது. அங்கே நரம்பு தாடைக்குள் நுழையும் இடத்திலேயே மருந்தை இட வேண்டும். அதனாலேயே பாதி உதடும் நாவும் சேர்ந்து மரக்கின்றன. சீழ் கட்டிய இடத்தில் மருந்து சரியாகப் பிடிப்பதில்லை. அவ்விடம் புளிப்புத்தன்மை மிகுந்திருப்பதால் மருந்தின் பெரும்பகுதி சவ்வைக் கடக்கவியலாத வடிவம் கொள்கிறது. "எனக்கு ஊசி வேலை செய்யவில்லை" என்று குறைகூறுவோரிற் பலர் வீக்கம் முற்றிய பின்னர்ச் சென்றவரே. ஆகவே தாமதமே வலியின் தோழன்.

இம்மருந்தில் மிகச் சிறிதளவு அட்ரினலினும் சேர்ப்பர். நம் நாட்டில் பெரிதும் வழங்குவது 80,000 பங்கில் ஒரு பங்கு. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்தை அவ்விடத்திலேயே நிறுத்தும்; குருதிப்பெருக்கையும் குறைக்கும். அது சேராவிடில் பல்லின் உள்ளே மரப்பு ஐந்து பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நிற்கும். உதட்டு மரப்போ மூன்று முதல் ஐந்து மணி நேரம் நீடிக்கும்.

எழுத்தர்க்குக் கணக்கின்றிப் பொழுது போகாது. 2 விழுக்காடு மருந்து என்றால் ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராம். குழந்தைகட்குப் பொதுவாகக் கொள்ளும் உச்ச எல்லை, எடையில் ஒரு கிலோகிராமிற்கு 4.4 மில்லிகிராம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 66 மில்லிகிராம், அதாவது 3.3 மில்லிலிட்டர். 1.8 மில்லிலிட்டர் கொண்ட மருந்துக் குழல் இரண்டுகூட ஆகாது. ஆகையால் குழந்தையை எடைபோட்டுப் பார்க்கும் மருத்துவரைக் கண்டால் பொழுதை வீணாக்குகிறார் என எண்ண வேண்டா. அவர் முறையறிந்தவர். அளவு மீறினால் காது இரையும், பேச்சுக் குழறும், வலிப்பு வரும், இதயமும் தளரும்.

இனிமேல் யாம் சொல்வதைத் தாய்மார்கள் ஊன்றிக் கேட்க வேண்டுகிறோம். மருத்துவரிடம் எதையும் மறைத்தல் கூடாது. இதயநோய், இரத்த அழுத்தம், தைராய்டு மிகை, கருவுற்றிருத்தல் ஆகியவற்றைக் கூறுதல் வேண்டும். இதய நோயாளிகட்கு அட்ரினலினின் அளவைக் குறைப்பர். ஒற்றைத் தலைவலிக்கோ கைந்நடுக்கத்திற்கோ கொடுக்கும் புரோப்ரனலால் மாத்திரையை உண்பவர்க்கு அட்ரினலின் இரத்த அழுத்தத்தைத் திடீரென உயர்த்தக்கூடும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர் அதைத் தாமாகவே நிறுத்திவிட்டுச் செல்லுதலும் தவறு. சொல்லிவிட்டு, மருத்துவர் கூறியவாறு நடத்தல் வேண்டும். "சொன்னால் பல்லை எடுக்க மாட்டார்கள்" என்று நம் முதியோர் மறைக்கின்றனர். சொன்னால் பாதுகாப்பாக எடுப்பர் என்பதே உண்மை. தெலுங்கோ இந்தியோ சரளமாகப் பேச வாராதவர், உண்ணும் மருந்துகளின் பெயரை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்க. மாத்திரை அட்டைகளையே கொண்டுசெல்லுதல் அதனினும் நன்று.

ஊசி இட்டதும் சிலர் வெளிறி மயங்குவர். பெரும்பாலும் அது அச்சத்தினாலும் வெறும் வயிற்றினாலும் வருவது. மருந்தின் ஒவ்வாமை அன்று. லிக்னோகெயினுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. நாற்காலியைச் சாய்த்துக் காலை உயர்த்தினால் தெளிந்துவிடுவர். எனவே மரப்பு ஊசிக்கு மட்டும் செல்வோர் சிறிது உண்டுவிட்டே செல்லலாம்.

குழந்தைகள் மரத்த உதட்டை விளையாட்டாகக் கடித்து மென்று, இரவில் உதடு வீங்கிப் புண்ணாகி நிற்பதுண்டு. மரப்பு நீங்கும்வரை கெட்டியான உணவும் சூடான பாலும் கொடாது, அருகிலிருந்து காத்தல் வேண்டும். பல் முளைக்கும் சிசுவின் ஈற்றில் மரப்புக் களிம்பு தடவும் வழக்கமும் ஆபத்தானது. பென்சோகெயின் கலந்த களிம்பு, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலைக் குலைக்கக்கூடும். இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகட்கு அதனைப் பயன்படுத்தலாகாது என 2018இல் அமெரிக்க மருந்துத்துறை எச்சரித்தது.

இறுதியாக, அமைதியூட்டும் மருந்துகளைப் பற்றிச் சில சொற்கள். மிகவும் அஞ்சும் குழந்தைக்கும், நெடுநேர வேலைக்கும் இவை உதவும். வெல்ஸ் முகர்ந்த அதே நைட்ரஸ் ஆக்சைடு, இன்று ஆக்சிஜனுடன் கலந்து மூக்கின்வழி தரப்படுகிறது. ஆக்சிஜன் 30 விழுக்காட்டிற்குக் குறையாதவாறு கருவியிலேயே காப்பு அமைந்துள்ளது; நிறுத்திய சில நிமிடங்களில் தெளிவு வரும். மிடாசோலம் போன்றவை வாய்வழியாகவோ இரத்தக் குழாய்வழியாகவோ கொடுக்கப்படுவன. இவை அச்சத்தைத் தணிக்கும். நடந்ததை மறக்கவும் செய்யும். ஆனால் அளவு கூடினால் மூச்சைத் தளர்த்தும். புளுமாசெனில் என்னும் மாற்று மருந்து உண்டு எனினும், மூச்சுத் தளர்ந்ததை உடனே காண்பவர் இருந்தால்தானே அது பயன்படும்?

ஆகவே குழந்தைக்கு அம்மருந்து தர வேண்டும் என்று மருத்துவர் கூறினால் மூன்று வினாக்களைப் பணிவுடன் கேளுங்கள். பல்லில் வேலை செய்பவர் தவிர மூச்சைக் கவனிக்கத் தனியொருவர் இருப்பாரா? விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி, 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோய்க் காலத்தில் நம் வீடுகள்தோறும் இருந்ததே, அது மாட்டப்படுமா? ஆக்சிஜனும் மூச்சூட்டும் கருவியும் அறையில் உளவா? நல்ல மருத்துவர் இவ்வினாக்களால் சினம் கொள்ளார். எத்தனை மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும் என்பதையும் கேட்டறிக. பொதுவாகத் திட உணவிற்கு ஆறு மணி, தெளிந்த நீருக்கு இரண்டு மணி என்பது விதி. அழுகிறதே என்று குழந்தைக்கு மறைவில் பிஸ்கோத்துக் கொடுத்துவிடுதல் அன்பு ஆகாது; மயக்கத்தில் வாந்தி வந்தால் அது மூச்சுக்குழலில் இறங்கும். பெரியவர்கள் இம்மருந்தை உண்ட நாளில் வண்டி ஓட்டுதலும், இயந்திரத்தின் முன் நிற்றலும், இரவுப் பணிக்குச் செல்லுதலும் கூடா. தொழிற்சாலையிலும் இருப்புப்பாதையிலும் உழைப்போர் நிறைந்த நம் குடியிருப்பில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்பர்களே, லாரி காலத்தில் நகர மருத்துவமனை இருந்த அப்சல்கஞ்சில் இன்று அரசினர் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நடைபெறுகிறது. குளோரோபாமிற்கு உலகமே தீர்ப்புக் கேட்டு நின்ற நகரத்தில் வாழும் நாம், ஒரு சிறிய ஊசிக்கு அஞ்சிச் சீழை வளர்த்தல் தகுமா? சொத்தை சிறிதாயிருக்கும்போதே செல்க, உள்ளதைச் சொல்க, கேட்க வேண்டியதைக் கேட்க. வரும் ஞாயிறன்று நம் சங்க அறையில், முதியோர் உண்ணும் மருந்துகளின் பெயரைத் தாளில் எழுதித்தர யாமும் நண்பர் சிலரும் மாலை முழுதும் அமர்ந்திருப்போம். மாத்திரை அட்டைகளுடன் வருக.